சர்ச்சைக்குரிய கேள்விகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும்

(அந்தமான் சாத்தத்தில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாத்தம் ஒரு சிறு தீவு. ஒரு பாலம் அதைத் தெற்கு அந்தமானோடு இணைக்கிறது. 1883ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மர அறுவை ஆலையால்தான் வெளியுலகம் இத்தீவை அறியும். அந்த ஆலையை நம்பி வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மகளை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவள் உயர்நிலைப் பள்ளி மாணவி. நாள்தோறும் பாலத்தைக் கடந்து பள்ளிக்குச் செல்கிறாள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடநூலில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் அவளுடைய நாள் கழிகிறது. அவள் குறிப்பிட்ட ஒரு நபர் அல்லள். தீவுகளின் எந்தக் குடியிருப்பிலும் அவளைக் காணலாம். இங்கு அமர்ந்திருக்கும் தோழர் ஒருவரின் வீட்டிலேயே காணலாம்.

அவளுடைய வகுப்பில் சில வேளைகளில் ஒரு கேள்வி எழுகிறது. மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து பேசத் தொடங்குகிறார்கள். குரல்கள் உயர்கின்றன. மணி அடித்ததும் விவாதம் பாதியில் நிற்கிறது. சில நாட்களில் மணி அடிப்பதற்கும் முன்பே, ‘இது தேர்வுக்கு வராது’ என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. வீடு திரும்பும் வழியில் அவள் எதை எண்ணிக்கொண்டு நடக்கிறாள்? அந்த எண்ணங்களுக்கு வகுப்பறையில் இடம் உண்டா? இடம் மறுக்கப்பட்டால் இழப்பு யாருக்கு? இம்மூன்றும்தான் இவ்வுரையின் பொருள். இதைக் கல்வியாளர்களின் தனிப்பட்ட துறை என்று ஒதுக்கிவிட இயலாது. தொழிலாளி வர்க்கத்தின் அடுத்த தலைமுறை எங்கே சிந்திக்கப் பழகுகிறது என்பது கட்சியின் கேள்வி.

பாலத்தின் மீது நடக்கும் மூன்று கேள்விகள்

முதற் கேள்வி, அவள் நடக்கும் மண்ணிலிருந்தே எழுகிறது. 1858 மார்ச் 10 அன்று, 1857 எழுச்சியில் தண்டிக்கப்பட்ட 200 கைதிகளுடன் ஆங்கிலேய அதிகாரி வாக்கர் இங்கு வந்து சேர்ந்தார். குடியேற்றம் முதலில் சாத்தத்தில்தான் தொடங்கியது. நல்ல தண்ணீர் கிடைக்காததால் ராஸ் தீவுக்கு மாறியது. வெள்ளையனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய கைதிகள், வெள்ளையனின் கட்டளைக்குப் பணிந்து காட்டை வெட்ட நேர்ந்தது. அந்தக் காட்டின் மக்களான கிரேட் அந்தமானியர் தங்கள் நிலத்தைக் காக்க 1859 மே மாதம் அபர்தீனில் வில்லும் அம்பும் ஏந்தித் தாக்கினர். அத்தாக்குதல் பற்றிய செய்தியை ஆங்கிலேயருக்கு முன்கூட்டியே சொன்னவர் தூத்நாத் திவாரி. அவரும் 1857இன் சிப்பாய்க் கைதியே. தப்பியோடி, அம்மக்களிடையே ஓராண்டு அளவுக்கு வாழ்ந்தவர். பின்னர் அவர் மன்னிப்புப் பெற்று விடுதலையானார். மாணவி கேட்கிறாள்: 1857இல் எழுந்தவர்கள் எல்லோரும் விடுதலை வீரர்கள் என்று நூல் சொல்கிறதே, இவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அம்பெய்தவர்கள் போராடியது எந்த நாட்டின் விடுதலைக்காக?

இரண்டாம் கேள்வி, அவளுடைய வீட்டு அடுப்போடு தொடர்புடையது. 2002இல் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளில் இயற்கைக் காட்டு மரங்களை வெட்டுவதற்குக் கடுமையான வரம்புகளை விதித்தது. காடு பிழைக்க அத்தீர்ப்பு தேவைப்பட்டது. ஆனால் மரம் குறைந்தால் அறுவை ஆலையின் வேலையும் குறையும் என்பது தொழிலாளிக்குத் தெரியும். இன்று கிரேட் நிக்கோபாரில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் ஆகியவற்றைக் கொண்ட பெருந்திட்டம் வருகிறது. தொடக்க மதிப்பீடே சுமார் 72,000 கோடி ரூபாய். அதற்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு ஒதுக்கப்படுகிறது. அக்காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர். 2022 நவம்பரில் திட்டத்திற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதே மாதம் அங்குள்ள பழங்குடிக் குழு, முன்பு தான் கொடுத்த தடையின்மைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ‘வேலை வருமே’ என்கிறான் ஒரு மாணவன். ‘யாருக்கு வரும்?’ என்கிறாள் இன்னொருத்தி. ‘ஒரு தச்சன் வாழ ஒரு மரம் விழவே வேண்டும், ஒரு முதலாளி வாழ ஒரு காடு விழ வேண்டுமா?’ என்ற எண்ணம் ஆலைத் தொழிலாளியின் மகளுக்கு வருகிறது. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தயங்குவதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

மூன்றாம் கேள்வி, ஊரின் பெயர் குறித்தது. 2024 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை அமைச்சர், போர்ட் பிளேர் இனி ஸ்ரீ விஜயபுரம் என அழைக்கப்படும் என்று அறிவித்தார். காலனியச் சின்னத்தை அகற்றுவதாகவும், சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக இத்தீவுகள் விளங்கியதாகவும் கூறினார். சோழர் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெருமிதம் வருவது இயல்பு. ஆனால் ஸ்ரீவிஜயம் என்பது 1025இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை தாக்கிய பேரரசின் பெயராயிற்றே என்பதும் அவளுக்குத் தெரியும். படையெடுத்துச் சென்றதில் பெருமை கொள்வதா? அப்படியானால் படையெடுத்து வந்த ஆங்கிலேயரைக் கண்டிக்கும் அளவுகோல் எது? காடு வெட்டிய கைதிகள், சுரண்டப்பட்ட பழங்குடிகள், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள் ஆகியோரில் ஒருவரின் பெயரும் ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

இக்கேள்விகள் எழும் வகுப்பறையில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பிரிவினைக்குப் பின் குடியமர்த்தப்பட்ட வங்காள அகதிகளின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். காடு திருத்த அழைத்துவரப்பட்ட ராஞ்சித் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். 1921 மலபார் எழுச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிளாக்களின் வழி வந்தவர்கள், நிக்கோபாரிகள், கரேன்கள், தெலுங்கர், தமிழர் அனைவரும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். ஒருவரின் வீட்டு நினைவு மற்றவரின் வீட்டு நினைவோடு பொருந்தாது. அத்தகைய வகுப்பில் சர்ச்சை என்பது வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து போடும் பொருளன்று. அது மாணவர்களோடு சேர்ந்தே உள்ளே வருகிறது. அதை எப்படிக் கையாள்வது என்பது மட்டுமே பள்ளியின் கையில் இருக்கிறது.

கேள்வி கேட்கத் துணிந்த பாடநூல்

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட அரசியல் அறிவியல் பாடநூல்களை மூத்த தோழர்களின் பிள்ளைகள் படித்திருப்பார்கள். சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் அவற்றின் தலைமை ஆலோசகர்கள். அந்நூல்களின் பக்க ஓரங்களில் உன்னி, முன்னி என்ற இரண்டு சித்திரப் பிள்ளைகள் நின்றுகொண்டு, பாடம் சொல்வதையே குறுக்குக் கேள்வி கேட்டார்கள். நூலே தன் வாசகனுக்குச் சந்தேகப்பட உரிமை தந்தது. அந்நூல்களில் குறைகள் இருந்தன. வர்க்கப் பார்வையிலிருந்து அவற்றை விமர்சிக்கவும் முடியும். எனினும் வகுப்பறை விவாதத்தைப் பாடத்தின் பகுதியாகவே கருதிய முயற்சி அது.

பத்தாம் வகுப்பு நூலில் மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும் பற்றிய ஓர் அத்தியாயம் இருந்தது. 2006இல் நேபாள மக்கள் மன்னராட்சியைப் பணியவைத்த இயக்கம், பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில் தண்ணீர் விநியோகம் பன்னாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து 2000ஆம் ஆண்டு மக்கள் நடத்திய போராட்டம் ஆகிய இரண்டையும் வைத்து அது பாடம் சொன்னது. தைல மரத் தோட்டத்திற்காகப் பொது நிலத்தை நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்ததை எதிர்த்து 1987இல் கர்நாடக மக்கள் நடத்திய இயக்கமும் அதில் இடம்பெற்றது. அம்மக்கள் தைல மரக் கன்றுகளைப் பிடுங்கி, தங்களுக்குப் பயன்படும் மரங்களை நட்டார்கள். மரத்தையும் காட்டையும் வேலையையும் பற்றிக் குழம்பி நிற்கும் சாத்தத்து மாணவிக்கு இதைவிட நெருக்கமான பாடம் வேறெது?

அந்த அத்தியாயம் இன்று அவளுடைய நூலில் இல்லை. கொரோனாவுக்குப் பின் பாடச்சுமையைக் குறைப்பதாகக் காரணம் சொல்லி 2022இல் அறிவிக்கப்பட்ட நீக்கங்கள் 2023ஆம் ஆண்டு நூல்களில் அச்சாயின. பத்தாம் வகுப்பில் மக்கள் போராட்டங்கள், ஜனநாயகமும் பன்மைத்துவமும், ஜனநாயகத்தின் சவால்கள் ஆகிய மூன்று அத்தியாயங்கள் முழுமையாக நீக்கப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் போயிற்று. காந்தியின் இந்து–முஸ்லிம் ஒற்றுமை முயற்சி இந்துத் தீவிரவாதிகளை ஆத்திரப்படுத்தியது என்ற வரிகளும், அவர் கொலைக்குப் பின் ஆர்.எஸ்.எஸ். சில காலம் தடை செய்யப்பட்டது என்ற குறிப்பும் போயின. பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமக் கொள்கை போயிற்று. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையொப்பமிட்டார்கள். 2024ஆம் ஆண்டு நூலில் பாபர் மசூதி என்ற பெயர்கூட இல்லை. மூன்று குவிமாடங்கள் கொண்ட கட்டடம் என்று அது சுட்டப்பட்டது.

பாடச்சுமை என்ற காரணத்தை ஒரு கணம் ஏற்றுக்கொண்டு பாருங்கள். சுமையாகத் தோன்றியவை எல்லாம் கேள்வியை எழுப்பும் பக்கங்களாகவே இருந்தது எப்படி? 2023 ஜூனில் பல்ஷிகரும் யாதவும், இந்த நூல்களிலிருந்து தங்கள் பெயர்களை நீக்கிவிடுமாறு என்.சி.இ.ஆர்.டி.க்குக் கடிதம் எழுதினார்கள். தாங்கள் வடித்த நூலைத் தங்களுடையது என்று சொல்ல அவர்கள் விரும்பவில்லை.

இழப்பு யாருக்கு?

வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு நூலிலிருந்து ஓர் அத்தியாயம் போனால், வீட்டு அலமாரியில் பத்து நூல்கள் இருக்கும். பெற்றோர் இரவு உணவின்போது பேசுவார்கள். மேற்படிப்பில் எப்படியும் படித்துக்கொள்ளலாம். தொழிலாளியின் மகளுக்குப் பள்ளி நூல்தான் பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒரே நூல். பத்தாம் வகுப்புக்குப் பின் அவள் அறிவியல் பிரிவையோ தொழிற்பயிற்சியையோ தேர்ந்தெடுத்தால், ஜனநாயகம் குறித்தும் மக்கள் இயக்கம் குறித்தும் ஆசிரியர் முன்னிலையில் பேசும் வாய்ப்பு அவள் வாழ்க்கையில் மீண்டும் வராமலே போகலாம். எனவே பத்தாம் வகுப்பில் நிகழும் நீக்கம் எல்லோருக்கும் ஒரே அளவு இழப்பன்று.

தீவின் பிள்ளைக்கு இன்னொரு கூடுதல் இழப்பும் உண்டு. தமிழ்நாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் மாநிலப் பாடநூலைப் படிக்கிறார்கள். கேரள அரசு, நீக்கப்பட்ட பகுதிகளைச் சேர்த்து 2023 ஆகஸ்டில் துணைப் பாடநூல்களை வெளியிட்டது. மாநில அரசு என்ற ஒன்று இருந்ததால் அது இயன்றது. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். இங்குள்ள பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. தில்லியில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டால் சாத்தத்தில் அதை ஒட்டித் தரும் அதிகாரம் எந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புக்கும் இல்லை. ஜனநாயகம் பற்றிய அத்தியாயத்தை இழந்த மாணவி, அந்த இழப்பைத் தட்டிக்கேட்கும் சட்டமன்றமும் இல்லாத மண்ணில் வாழ்கிறாள்.

இடதுசாரிகளும் பதில் சொல்ல வேண்டிய இடம்

இதுவரை சொன்னதற்குக் கைதட்டுவது எளிது. இனிச் சொல்வது சற்றுச் சங்கடமானது.

2012 மே மாதம், பதினொன்றாம் வகுப்பு நூலில் இடம்பெற்ற ஒரு கேலிச்சித்திரத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் கட்சி வேறுபாடின்றிக் குரல் எழுந்தது. 1949இல் சங்கர் வரைந்த சித்திரம் அது. நத்தை மீது அமர்ந்திருக்கும் அம்பேத்கரையும், கையில் சாட்டையுடன் நிற்கும் நேருவையும் காட்டியது. அதைக் கண்டு தலித் மக்கள் அடைந்த வேதனை உண்மையானது. அடுத்த மாதமே தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு எதிர்ப்பு. பன்னிரண்டாம் வகுப்பு நூலில், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவரைக் கேலி செய்த ஆர்.கே. லட்சுமணின் சித்திரம் இருந்தது. உயிரைக் கொடுத்த ஒரு போராட்டத்தை ஆங்கிலமும் அறியாத சிறுவரின் கல்லெறியாகச் சுருக்கிய சித்திரத்தைக் கண்டு தமிழர் சினங்கொண்டதில் வியப்பில்லை. அரசு நூல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பல்ஷிகரும் யாதவும் ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். புணேயில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது.

நூல்களை ஆராய சுகாதேவ் தோரட் தலைமையில் அமைந்த குழு, பல சித்திரங்களை அகற்றப் பரிந்துரைத்தது. அக்குழுவில் தனித்து மறுப்புக் குறிப்பு எழுதியவர் ஒரு தமிழர்: பேராசிரியர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். சாதியையும் திராவிட இயக்கத்தையும் பற்றி ஆழ்ந்து எழுதிய அறிஞர் அவர். அம்பேத்கரையோ மொழிப்போரையோ இழிவுபடுத்த அவர் இடம் கொடுப்பார் என்று எவரும் சொல்ல முடியாது. அவர்தான் அகற்றலை ஏற்க மறுத்தார்.

அந்த மறுப்பை இன்று எண்ணிப் பாருங்கள். மனம் புண்பட்டது என்பதற்காக ஒரு பக்கத்தை நீக்கலாம் என்று 2012இல் ஒப்புக்கொண்ட நாடாளுமன்றம், 2023இல் வேறொருவர் தமக்குப் பிடிக்காத பக்கங்களை நீக்கியபோது எந்த முறைமையைச் சொல்லி எதிர்க்கும்? கத்தரிக்கோல் ஒன்றுதான்; கைகள் மாறின. 1965 சித்திரம் தவறான சித்திரம் என்றால், அதன் பக்கத்தில் அன்றைய மாணவர்களின் கோரிக்கையையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் செய்தியையும் வைத்து, ‘இச்சித்திரக்காரர் எதைக் காணத் தவறினார்?’ என்று கேட்டிருக்கலாம். சாத்தத்துத் தமிழ் மாணவி வங்காளி, இந்தி, தெலுங்கு பேசும் வகுப்புத் தோழர்களுக்கு மொழிப்போரை எடுத்துச் சொல்ல அந்த ஒரு பக்கமே வாசலாக இருந்திருக்கும்.

ஆசிரியர் எங்கே நிற்பது?

அப்படியானால் வகுப்பில் எதையும் பேசலாமா, ஆசிரியர் தம் அரசியலைப் பிள்ளைகள் மீது ஏற்றலாமா என்ற கேள்வி எழும். நாஜிக் கல்வியின் கொடுமையைக் கண்ட ஜெர்மனியில், மேற்கு ஜெர்மனியின் கல்வியாளர்கள் 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடி மூன்று நெறிகளுக்கு வந்தார்கள். ஆசிரியர் தம் கருத்தை மாணவர் மீது திணித்து அவரைத் திணறடிக்கக் கூடாது. சமூகத்தில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே முன்வைக்கப்பட வேண்டும். மாணவர் தம் நலன் எது என்பதைத் தாமே ஆராய்ந்து அறியும் ஆற்றலைப் பெற வேண்டும். மூன்றாவது நெறி உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு மிக முக்கியமானது. தன் நலனை ஆராயக் கற்ற தொழிலாளி வீட்டுப் பிள்ளை எங்கு வந்து சேரும் என்பதைப் பற்றிக் கட்சி அஞ்ச வேண்டியதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததா என்பது வேறு. நடந்ததை எப்படி மதிப்பிடுவது என்பது வேறு. பரிணாமம் சர்ச்சைக்குரிய பொருளன்று, அது அறிவியல். காந்தியைக் கொன்றவர் யார் என்பது சர்ச்சையன்று. 1911இல் செல்லுலார் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர் ஆங்கில அரசுக்கு மன்னிப்பு மனுக்கள் எழுதினார் என்பதும் சர்ச்சையன்று. ஒன்றிய அரசே 1975இல் வெளியிட்ட ஆர்.சி. மஜும்தாரின் நூலில் அவருடைய மனு இடம்பெற்றிருக்கிறது. அம்மனுக்களை எப்படி எடைபோடுவது என்பதை வகுப்பு விவாதிக்கட்டும். அது தந்திரம் என்று ஒரு மாணவன் வாதிடலாம். பணிவு என்று மற்றவன் வாதிடலாம். விமான நிலையத்தின் பெயரை நாள்தோறும் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த விவாதம் மறுக்கப்படுவதுதான் அநீதி. தவறான செய்தியையும் மாறான கருத்தையும் ஒன்றாகக் குழப்பும் ஆசிரியர், இரண்டுக்கும் தீங்கு செய்கிறார்.

பேசும் உரிமையோடு பேசாதிருக்கும் உரிமையும் சேர்ந்தது. 1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தங்கள் மத நம்பிக்கை காரணமாகத் தேசிய கீதத்தைப் பாடவில்லை. மரியாதையோடு எழுந்து நின்றார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. வகுப்பில் தனித்து நிற்கும் ஒரு பிள்ளையை எப்படி நடத்துகிறோம் என்பதே அந்த வகுப்பின் அளவுகோல். சாத்தத்து வகுப்பில் ஒரேயொரு நிக்கோபாரி மாணவன் இருந்தால், கிரேட் நிக்கோபார் பற்றி அவனைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி வினவவும் கூடாது; அவன் பேச விரும்பும்போது அவன் குரலை நாற்பது குரல்கள் மூழ்கடிக்கவும் கூடாது.

ஆசிரியர்கள் ஏன் ‘தேர்வுக்கு வராது’ என்று ஒதுங்குகிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் பீதரில் ஒரு பள்ளியின் சிறுபிள்ளைகள், குடியுரிமைத் திருத்தச் சட்டம் குறித்து ஒரு நாடகம் நடித்தார்கள். தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. பொறுப்பு ஆசிரியையும் ஒரு மாணவியின் தாயும் கைது செய்யப்பட்டார்கள். காவல்துறையினர் பிள்ளைகளைப் பலமுறை விசாரித்தார்கள். 2023 ஜூனில்தான் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அந்த மூன்றாண்டுகள் நாடெங்கும் எத்தனை ஆசிரியர்களின் வாயை அடைத்திருக்கும்! வேலைப் பாதுகாப்பு இல்லாத ஒப்பந்த ஆசிரியரிடம் துணிவை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. விவாதிக்கும் வகுப்பறைக்கு முதல் தேவை, பணிப் பாதுகாப்புள்ள ஆசிரியர்.

செல்லுலார் சிறையின் வகுப்பறை

தோழர்களே, இத்தீவின் மண்ணிலேயே கட்சிக்கு ஒரு வகுப்பறை இருந்தது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை, ஒரு கைதி மற்றொரு கைதியோடு பேசாதிருப்பதற்காகவே தனித்தனி அறைகளாகக் கட்டப்பட்டது. விவாதத்தை ஆளும் வர்க்கம் எவ்வளவு அஞ்சியது என்பதற்குக் கல்லால் ஆன சாட்சி அது. 1933 மே மாத உண்ணாவிரதத்தில் பகத்சிங்கின் தோழர் மகாவீர் சிங்கும், மோகன் கிஷோர் நமதாஸும், மோகித் மொய்த்ராவும் வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டதால் உயிர் நீத்தார்கள். அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் படிக்க நூலும் இரவில் விளக்கும் இருந்தன. உயிரைக் கொடுத்து வாங்கிய விளக்கின் கீழ் அவர்கள் படித்தார்கள், வாதிட்டார்கள்.

சிட்டகாங் எழுச்சியில் பங்கேற்றவர்களும் லாகூர் வழக்கின் கைதிகளும் வங்கத்தின் பல புரட்சிக் குழுக்களைச் சேர்ந்தவர்களும் அங்கே இருந்தார்கள். தனிநபர் வீரச்செயலே வழி என்று நம்பி வந்தவர்கள் பலர். 1935இல் சிறைக்குள் கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்பு உருவானது. ஹரேகிருஷ்ண கோனார் அதை உருவாக்கியவர்களுள் ஒருவர். எவருடைய ஆணைக்கும் பணிந்து அவர்கள் கம்யூனிஸ்டுகள் ஆகவில்லை. நூல்களைப் படித்து, ஒருவரை ஒருவர் மறுத்து, தங்கள் பழைய நம்பிக்கையைத் தாங்களே சோதித்து அம்முடிவுக்கு வந்தார்கள். வாதத்தில் உடன்படாதவர்களும் அவர்களோடு சிறையில் இருந்தார்கள். 1937 உண்ணாவிரதத்தில் எல்லோரும் ஒன்றாகவே நின்றார்கள். 1938 தொடக்கத்திற்குள் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கருத்து வேறுபாடு போராட்ட ஒற்றுமையைக் குலைக்கும் என்று அஞ்சுவோருக்கு அச்சிறையே பதில்.

இந்த வரலாற்றை உரிமை கொண்டாடும் கட்சி, தன் பிள்ளைகளிடம் முடிவுகளை மட்டும் ஒப்படைத்துவிட்டு, அந்த முடிவுகளுக்கு இட்டுச்சென்ற விவாதத்தை மறுக்கலாகாது. கற்பிப்பவரும் கற்க வேண்டியவரே என்ற கருத்தை 1845இலேயே மார்க்ஸ் தம் குறிப்புகளில் வைத்தார். ஆசிரியருக்குச் சொன்னது அப்பாவுக்கும் பொருந்தும், கிளைச் செயலாளருக்கும் பொருந்தும்.

செய்யக்கூடியவை

இவையெல்லாம் தில்லியில் ஆட்சி மாறிய பின் செய்ய வேண்டியவை என்று காத்திருக்கத் தேவையில்லை. சாத்தத்தில் இந்த மாதமே தொடங்கக்கூடியவை சில உண்டு.

முதலாவது, 2022க்கு முந்தைய பாடநூல்கள் பல வீடுகளில் பழைய தாள் கடைக்குப் போகக் காத்திருக்கின்றன. அவற்றைத் திரட்டி ஓர் அலமாரியில் வையுங்கள். நீக்கப்பட்ட அத்தியாயங்களை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் படிக்கட்டும். கட்சி உறுப்பினர்களின் பிள்ளைகளை மட்டும் அழைக்காதீர்கள். எதிர்க்கருத்து உள்ள வீட்டுப் பிள்ளையும் வந்தால்தான் அது விவாதம். அங்கே பெரியவர்கள் இறுதியாகப் பேசட்டும். முதலில் பேசினால் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள்.

இரண்டாவது, கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே. அக்குழுக்களில் கழிப்பறையும் மதிய உணவும் பேசப்பட வேண்டும். வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளை எப்படி நடத்தப்பட்டாள் என்பதும் பேசப்பட வேண்டும்.

மூன்றாவது, சர்ச்சைக்குரிய ஒரு பொருளை நேர்மையோடு விவாதிக்க வைத்த ஆசிரியர் மீது புகார் வந்தால், அவர் கட்சிக்கு வேண்டியவரா இல்லையா என்று பார்க்காமல் அவருக்குத் துணை நில்லுங்கள். அவ்விவாதத்தில் கட்சியின் நிலைபாடு விமர்சிக்கப்பட்டிருந்தாலும் துணை நில்லுங்கள். சோதனை அங்கேதான் இருக்கிறது.

நான்காவது, வீட்டில் தொடங்க வேண்டியது. ஆலையிலிருந்து களைத்து வரும் தந்தையிடம் மகள் கேட்கிறாள்: ‘அப்பா, மரமும் வெட்டக் கூடாது, ஆலையும் மூடக் கூடாது என்றால், கட்சி என்னதான் சொல்கிறது?’ இதற்கு ஆயத்தமான விடை எவரிடமும் இல்லாமல் இருக்கலாம். ‘படிக்கிற வேலையைப் பார்’ என்று சொல்லாமல், ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று அந்தத் தந்தை திருப்பிக் கேட்கட்டும். அவள் சொல்வதை எழுதி அடுத்த கிளைக் கூட்டத்திற்குக் கொண்டு வரட்டும். காட்டையும் வேலையையும் ஒருசேரக் காக்கும் கோரிக்கை இத்தீவுகளுக்குத் தேவைப்படுகிறது. அதை வடிக்கும் பணியில், பாலத்தைக் கடந்து பள்ளிக்குப் போய்வரும் அந்தப் பிள்ளைக்கும் ஓர் இருக்கை போடுங்கள்.